வெளியே ஒருத்தர் இருக்கணும்

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

ஃபோன் பண்ணாதே என்று நீ சொன்ன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. நான் "ஹலோ" என்றால் அம்மாவே பேசுவது போல இருக்கிறது என்றாய். என் குரலை எங்கே கொண்டுபோய்க் கழற்றி வைப்பேன்? அம்மா விட்டுவிட்டுப் போனதில் உனக்கு வீடு, எனக்குத் தொண்டை.

மருத்துவமனையிலிருந்து எனக்கும் அழைப்பு வந்தது. விபத்துப் பிரிவின் வரவேற்பு மேசையில் ஆயுசில் பாதியைக் கழித்த அம்மாவுக்கு ஜூலை முதல் ஞாயிறு நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் அவள் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டுமாம். நான் எழுதித் தருகிறேன், நீ பேசு. அந்த வாரம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வருகிறது, நூலகத்தை விட்டு என்னால் நகர முடியாது.

அம்மாவின் பெரிய படம் ஒன்றும் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கும் ஊரில் நல்ல ஸ்டூடியோ இருக்கிறது. ஃப்ரேம் போட்டால் பஸ்ஸில் ஏற்ற முடியாத அளவுக்கு வரும். அதனால் ஒரு வேன் பிடித்து, என் மகளும் உன் மகனும் படத்தோடு மலைப்பாதை வழியாக உன்னிடம் வரட்டும். என் வாலும் உன் ஒட்டகமும் ஒரே வண்டியில்.

இந்த இடத்தில் நீ நிறுத்தியிருப்பாய் என்று தெரியும். "ரெண்டு பேரும் ஒரே வண்டில ஏறக்கூடாது. வெளியே ஒருத்தர் இருக்கணும்." எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே காதில் விழுந்த வாக்கியம். சினிமாவுக்குப் போனால்கூட அம்மாவும் நானும் ஒரு பஸ், நீ அடுத்த பஸ். அவளுடைய கடைசி நாளில் நானும் அதைத்தான் செய்தேன். மகளையும் அவள் அப்பாவையும் முதல் ரயிலில் ஏற்றிவிட்டு, அடுத்த ரயிலுக்கு நின்றேன். அம்மா சொன்ன பேச்சைக் கேட்டதால் அம்மாவை உயிரோடு பார்க்க முடியவில்லை. நீ இன்னும் என்னை மன்னிக்கவில்லை. நான் அந்த விதியை மன்னிக்கவில்லை.

அது நம்மோடு போகட்டும், அக்கா. பிள்ளைகளுக்கு வேண்டாம். சம்மதமா?

அம்மாவைப் பற்றி உனக்கு ஞாபகம் இருப்பதை எழுது. உனக்குக் கிடைத்த அம்மாவும் எனக்குக் கிடைத்த அம்மாவும் ஒரே ஆள்தானா என்று சில நாளாகச் சந்தேகமாக இருக்கிறது.

உன் தங்கை


ஜூன் 9

தங்கச்சிக்கு,

ஆய்வுக்குழு வந்தால் புத்தகமெல்லாம் எழுந்து ஓடிவிடுமா? சரி, விடு. நீ எப்போது நேரத்துக்கு வந்தாய், இப்போது வருவதற்கு.

கோபமாக ஆரம்பித்துவிட்டேன். கிழித்துவிட்டு மறுபடி எழுத நேரமில்லை. கடையில் ஆள் நிற்கிறது. கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் பார்வையைச் சரி செய்கிறேன், கூடப் பிறந்தவள் மேல் என் பார்வை மட்டும் கோணலாகவே இருக்கிறது.

அம்மாவைப் பற்றி என்ன எழுத? வேலையிலிருந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். டீ குடித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டாள். வீட்டு ஃபோனில் இரண்டாவது மணி அடிக்க விடமாட்டாள், ஈரக் கையோடு ஓடிவருவாள். கெட்ட செய்தி சொல்வது அவள் உத்தியோகம். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். "உட்கார்ந்திருக்கீங்களா? முதல்ல உட்காருங்க" என்பாள். அப்புறம் உயிரோடு இருப்பவர்களைச் சொல்வாள். காயம் அதற்குப் பிறகு. மற்றது கடைசியில். என் பரீட்சை மார்க்கைக்கூட "உட்காரு" என்றுதான் ஆரம்பித்தாள். உயிரே போய்விட்டது. பார்த்தால் பாஸ்.

பேரப் பிள்ளைகளிடமும் அதே கெடுபிடிதான். உன் வாலு என் ஒட்டகத்தின் சைக்கிளில் பின்னால் ஏறினாள் என்று தெரு நடுவில் கையை விரித்து மறித்தாளே, ஞாபகமிருக்கிறதா? லிஃப்டும் வண்டிதான் என்று இரண்டையும் தனித்தனி லிஃப்டில் அனுப்பி, அதுகள் பந்தயம் விட்டதும்? அவளுக்குக் கன்ட்ரோல் ரூம் என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டால் அவளும் "கன்ட்ரோல் ரூம் பேசுது, சொல்லு" என்பாள்.

எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு ஜன்னல். கையில் வீட்டுச் சாவி. தெருமுனையில் நீயும் அம்மாவும் பஸ் ஏறுவீர்கள். எப்போதும் நீதான் அவளோடு, நான்தான் வெளியே. இதை உன் உரையில் எழுதுவாயா?

வேன் விஷயத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் என்ன பயந்தாங்கொள்ளியா? வரட்டும்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்கா,

நீ ஜன்னலில் நின்றதை எழுதினாய். நான் பஸ்ஸின் பின் கண்ணாடியில் நின்றதை எழுதுகிறேன். நீ சின்னதாகிக்கொண்டே போவாய். கையாட்டமாட்டாய். சாவியை நம்பி உன் கையில் கொடுத்தார்கள், நான் சுமந்துபோக வேண்டிய மூட்டை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என் மணிக்கட்டை இறங்கும்வரை விடமாட்டாள். அந்தக் கை வேர்த்துக்கொண்டே இருக்கும். வளையல் அழுந்தி எனக்குத் தடம் விழும். இருமினால்கூட டிரைவரின் முதுகைப் பார்ப்பாள்.

மருத்துவமனைக்காரர்கள் அழைப்பில் 'அச்சம் அறியாத அம்மையார்' என்று போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே எழுதிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். ஆனால் என் வாழ்க்கையில் அவளைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. ஊரார் வீட்டுக் கலவரத்தில் குரல் நடுங்காமல் பேசியவள், தன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒன்றாகப் படி இறங்கினால் நடுங்கினாள். இது எப்போது தொடங்கியது? உனக்குத் தெரியுமா? நீ என்னைவிட ஆறு வயது முன்னால் வந்தவள். நான் கேட்டபோதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

வேன் பேசியாகிவிட்டது. டிரைவர் நிதானமானவராம். அவருக்குப் பிள்ளைகள் ஆமை என்று பட்டம் கட்டிவிட்டார்கள். மலைப்பாதையில் போன மழைக்கு ஒரு வளைவு சரிந்து விழுந்ததாகப் பேப்பரில் பார்த்தேன். இப்போது சரி செய்துவிட்டார்களாம். சும்மா சொன்னேன், வேறொன்றுமில்லை.

உன் தங்கை


ஜூன் 20

தங்கச்சிக்கு,

சும்மா சொல்கிறவள் வளைவு சரிந்ததை எதற்கடி எழுதுகிறாய்?

எப்போது தொடங்கியது என்று கேட்டாய். எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை, வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா தவறிப்போன வருஷம். நீ கைக்குழந்தை, எதிர்வீட்டு அத்தையிடம் இருந்தாய். அன்றைக்கு என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போய் அவள் மேசைக்கு அடியில் உட்காரவைத்தாள். நல்ல மழை. வெளியே ஒரே ஓட்டமும் சத்தமுமாக ஆயிற்று. ஏதோ கார் என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரக் கட்டில்களின் சக்கரங்கள், ஓடும் செருப்புகள், அம்மாவின் இரண்டு கால்கள்.

யாரோ ஒரு கைப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அதில் வீட்டு நம்பர் இருந்திருக்கிறது. அம்மா சுழற்றினாள். ஃபோன் வயர் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றதும் மறுபடி சுழற்றினாள். மறுபடி அதே மணி. நான் அடியிலிருந்து, "யாரும் எடுக்கலியாம்மா?" என்றேன்.

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். "எடுக்க வேண்டியவங்க எல்லாரும் இங்கதான் வந்திருக்காங்க" என்றாள். தெரிந்தும் ரிசீவரை வைக்கவில்லை. அவள் கால்கள் இரண்டும் தரையில் தாளம் போடுவது போல அடித்துக்கொண்டதைப் பார்த்தேன். குளிர் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்துதான் இரண்டு பஸ். எதிர்வீட்டு அத்தை கேட்டதற்கு அம்மா, "பெரியவ தனியா இருந்துப்பா. சின்னது என்னை விட்டு இருக்காது" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஆறு வயதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான். இவள் நான் இல்லாமல் போவாள், நான் இவள் இல்லாமல் இருந்தாக வேண்டும்.

இதைச் சொன்னதற்காகப் பயந்துவிடாதே. பழைய கதை. வேன் வரட்டும்.

அக்கா


ஜூன் 26

அன்புள்ள அக்கா,

படித்தேன். நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து எனக்கும் அந்த மணி கேட்கிறது. புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்றால்கூடக் கேட்கிறது. உரையில் இதை எழுத முடியுமா என்று தெரியவில்லை. வேறு எதையும் எழுதவும் கை ஓடவில்லை.

பயப்படவில்லை. வேனில் எந்த மாற்றமும் இல்லை. சனிக்கிழமை காலையில் கிளம்புகிறார்கள். நாம் படித்தவர்கள். ஒரு தடவை சேர்ந்து வந்து இறங்கிவிட்டால் இந்தப் பேய் ஓடிவிடும்.

உன் தங்கை


ஜூலை 1

தங்கச்சிக்கு,

மாற்றமில்லை என்றால் மாற்றமில்லை. இங்கே லேசான தூறல்தான். கூடத்தில் படம் வைக்க இடம் ஒழித்துவிட்டேன். நானும் பயப்படவில்லை, இரண்டு தடவை எழுதாதே.

அக்கா


ஜூலை 8

அடியே,

ஃபோனில் இத்தனை பேசிவிட்ட பிறகு கடிதம் எதற்கு என்று கேட்காதே. நேரில் அழுதால் நீயும் அழுவாய், ஃபோனில் அழுதால் எனக்கு அம்மா அழுவது போலக் கேட்கும். காகிதம் என்றால் நான் மட்டும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வாசலில் குடையோடு நின்றேன். தூறல் என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அது பொய். எழுதும்போதே இரண்டு நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வேன் ஊர்ந்து ஊர்ந்து வந்தது. ஆமை இறங்கிக் கதவைத் தள்ளினார். பின் சீட்டில் அம்மா. கண்ணாடி மேல் குறுக்காக சீட் பெல்ட். அவளைத் தவிர வண்டியில் யாரும் இல்லை.

"பிள்ளைங்க?" என்றேன். ரயிலில் வருகிறார்கள் என்றார். யார் என்று கேட்டேன்.

"ரெண்டு பேருமேதாம்மா. தம்பி காலையில ஃபோன் பண்ணி, நான் ரயில்ல போறேன், தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க, பயந்துடும்னாரு. பாப்பா படத்தை ஏத்தி பெல்ட்டு போட்டுட்டு, நானும் ரயில்லதான் போறேன், அண்ணன் கேட்டா காய்ச்சல்னு சொல்லுங்கன்னுச்சு. ரெண்டு பேரும் சொல்லாதீங்கன்னாங்க. நான் சொல்லல."

வாக்குத் தவறாத மனுஷனின் நிம்மதி அவர் முகத்தில். என் மகனிடம் வேனில் ஏறாதே, ரயிலில் வா, யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே. உன் வளைவு என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அவனை மட்டும் இறக்கிவிட்டால் அம்மா கணக்குப்படி சரியாகிவிடும் என்று நினைத்தேன். உன் மகளை வண்டியில் தனியாக விட்டேனே என்று உறுத்தியது. அதை விழுங்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் ஊரிலிருந்து பகலில் ஓடுவது ஒரே ரயில். எதிர் டீக்கடை டிவியில் அப்போதுதான் காட்டினார்கள். ஆற்றங்கரை மேட்டில் மண் இளகி, முன் பெட்டிகள் சரிந்து கிடந்தன. டீக்கடைக்காரர் சத்தத்தைக் கூட்டிவைத்தார். எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. இரண்டு பிள்ளைகள் நம்பரையும் போட்டேன். மணிகூட அடிக்கவில்லை.

அப்புறம் என் விரல் என்னைக் கேட்காமலே உன்னைக் கூப்பிட்டது. முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தாய். வேன் காலியாக வந்திருக்கிறது, என் பையனை ரயிலில் போகச் சொன்னது நான்தான் என்றேன். "நானும்தான் சொன்னேன், அக்கா" என்றாய். ஆளுக்கொரு பிள்ளையை இறக்கிவிட்டு, இரண்டையும் சேர்த்து அந்த ரயிலில் ஏற்றியிருக்கிறோம். அம்மா ஆயுசு முழுக்க எதைத் தடுத்தாளோ அதை நாம் கருத்தாகச் செய்து முடித்திருந்தோம்.

நீ வைத்த பிறகு நடந்ததுதான் நான் எழுத வந்தது. ஆமை படத்தைத் தூக்கிவந்து கூடத்து நாற்காலியில் சாய்த்துவைத்தார். ரயிலடிக்குப் போகும் பாதையில் தண்ணீர், வண்டி போகாது என்றார். அம்மாவுக்கு எதிரே இன்னொரு நாற்காலி இருந்தது. நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் செய்தி வந்துவிடும் என்று பயம். கால் மரத்துப்போனது, அப்படியும் நின்றேன். நான் நிற்கிறேன் என்று அந்த மனுஷனும் சுவரோரம் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். விளக்குப் போடக்கூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஃபோன் அடித்தது. எடுத்தேன். "உட்கார்ந்திருக்கியா?" என்று கேட்டது.

அது நீ இல்லை. நீயென்று எனக்குத் தெரியும், ஆனாலும் அது நீ இல்லை. அந்த நிதானம், சொல்லுக்குச் சொல் விடும் அந்த இடைவெளி, எல்லாம் அவள். தரையில் உட்கார்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். எதிரே படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காங்க. ரெண்டு பேரும் இருக்காங்க" என்றாய். அப்புறம்தான் அவனுக்குத் தோள்பட்டை எலும்பு, அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அம்மா வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுவந்திருக்கிறார்கள், பசிக்கிறது என்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். அதே வரிசை. ஒன்றும் முன்பின் மாறவில்லை.

உன் குரலைக் கேட்கப் பயந்து இத்தனை மாதம் ஓடினேன். அன்றைக்கு வேறு எந்தக் குரல் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.

கூட்டத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் என்கிறார்கள். ஒட்டகம் கட்டுப் போட்ட தோளோடு கூடத்தில் படுத்திருக்கிறது. உன் வாலு அதற்குச் சோறு ஊட்டுகிறேன் என்று பாதியைத் தானே தின்கிறாள். ரயில் மறுபடி ஓடியதும் அவளை அனுப்பிவைக்கிறேன். எப்படி அனுப்ப, யாரோடு அனுப்ப என்று மறுபடியும் கணக்குப் போடுகிறேன். பயம் போய்விடும் என்று எழுதினாயே, எங்கே போயிற்று?

ஒன்று மட்டும் சொல். ஆய்வுக்குழு வந்ததா?

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்கா,

ஆய்வுக்குழு வரவில்லை. அப்படி ஒன்று கிடையாது என்று உனக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்கும். நீ, உன் மகன், என் மகள், எல்லோரும் ஒரே கூடத்தில் இருக்கப் போகிறீர்கள். வெளியே யார் இருப்பது? அந்த விதியை ஒழிக்கிறேன் என்று எழுதிய அதே கையால் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை முழுக்க ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் மேசைக் கதையைப் படித்த அன்றே மகளைக் கூப்பிட்டு, ஏறாதே, அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. "கன்ட்ரோல் ரூம் உனக்கு மாறிடுச்சாம்மா?" என்றாள்.

நீ வைத்த பிறகு தெரியாத நம்பர் ஒன்று வந்தது. முன்னால் இருந்த எண்கள் உன் ஊருடையவை. எடுக்கப் பயம். எடுக்காமல் விட்டால் அந்தப் பக்கம் ஒருத்தி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு மணியைக் கேட்டபடி இருப்பாளே என்ற பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. எடுத்தேன். சின்ன வயசுக் குரல். "முதல்ல உட்காருங்கம்மா" என்றது. உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன், அக்கா. அம்மா மேசையில் இப்போது உட்காரும் பெண். அம்மாவிடம் வேலை பழகியவளாம். யாருடைய மகளிடம் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. வாலு என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். இருக்கிறார்கள் என்று முதலில் சொன்னாள். பிறகு காயம். நான் அழுதபோது அவளும் ரிசீவரை வைக்கவில்லை.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். அம்மா மாதிரிப் பேச வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாயைத் திறந்ததும் அப்படித்தான் வந்தது.

வாலு அப்புறம் என்னிடம் சொன்னாள். அவள் இருந்தது பின்னால், மகளிர் பெட்டி. இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தபோது கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்ததாம். பயத்தில் கண் காட்டும் பொய் என்று நினைத்திருக்கிறாள். கிட்டே போனால் ஒட்டகமே, தோளைப் பிடித்துக்கொண்டு. "நீ வேன்ல இல்ல?" என்று இவள். "நீ வேன்ல இல்ல?" என்று அவன். ரெண்டு பேரும் அந்தச் சேற்றில் நின்று சிரித்தார்களாம். பாட்டி மட்டும் இருந்திருந்தால் ரெண்டு பேருக்கும் முதுகு பழுத்திருக்கும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். அதன் பிறகுதான் அவன் சட்டையைப் பிடித்தாளாம், மருத்துவமனை வரை விடவில்லையாம்.

'பெரியவ தனியா இருந்துப்பா.' இதைத் தினமும் நினைக்கிறேன். உன்னை விட்டுப் போனாள் என்று நீ நினைத்தாய். உன்னை எடுத்துப் பத்திரமாக வைத்தாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்படியென்றால் என்னை என்ன செய்தாள்? வேர்த்த கையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போனவள், போவதென்றால் இதையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றா நினைத்தாள்? யாரிடம் கேட்பது? ஒரே ஒரு ராத்திரிதான் அவளுக்கு யோசிக்கக் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளையும் பார்த்துப் பார்த்து ஒரு முடிவு செய்துவிட்டு, காலையில் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உரையை எழுதிவிட்டேன். 'அச்சம் அறியாத' என்பதை எடுத்துவிட்டேன். பயந்துகொண்டே இருந்த ஒருத்தி ஊரில் யார் வீட்டு ஃபோனையும் தனியாக அடிக்கவிடவில்லை என்று தொடங்குகிறது. நானே வந்து படிக்கிறேன்.

பாதை திறந்ததும் மகளைத் தனியாக அனுப்பாதே. அவள் அப்பா வந்து கூட்டிப்போவார். ஆகஸ்டில் அவளைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன். அவளும் நானும் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்து சீட்டில். டிக்கெட் எடுத்துவிட்டேன். பயம் எங்கும் போகவில்லை.

நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். வீட்டிலேயே இரு, ஃபோன் பக்கத்தில். நின்றுகொண்டிருக்காதே. உட்கார்ந்திரு.

உன் தங்கை